பில் எப்போது கேட்பது?

பாரிஸ் பிஸ்ட்ரோக்களில் நாமாகக் கேட்காமல் பில் வராது. சாப்பிட்ட தட்டை எடுத்துப்போவார்கள், காப்பி வேண்டுமா என்பார்கள், அதோடு சரி. புதிதாக வருகிறவர்கள் கவனிப்பு போதவில்லை என்று முகம் சுளிப்பார்கள். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால்தான் அங்கே மரியாதைக் குறைவு. எழுந்து போ என்று சொன்னதாக ஆகிவிடும். மெஸ்ஸில் அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க, மோர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தே வளர்ந்த எனக்கு இது பழகக் கொஞ்ச காலம் ஆனது.

பழகிவிட்டால் அதைப் போலச் சுகம் வேறில்லை. அன்றைக்கு என்ன சமையல் என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். முட்டை மயோனைஸ், வாத்துக்கால் கொன்ஃபி, சிவப்பு வைனில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி. மேசைகள் அவ்வளவு நெருக்கம், பக்கத்துக்காரரின் முழங்கை நம் ரொட்டிக் கூடையில் இடிக்கும். ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசில்லை; பரிமாறுகிற கூலி விலையிலேயே அடக்கம். தனியாளாகப் போய் உட்கார்ந்தாலும் யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

எல்லாக் கடையிலும் இந்த நிதானம் கிடைக்காது. ஃபோபூர் மோன்மார்த் தெருவில் 1896 முதல் நடக்கிற பூயோன் ஷார்த்தியேயில் வாசலில் வரிசை காத்திருக்கும். மேசைமேல் விரித்த காகிதத்திலேயே சர்வர் கணக்கெழுதிக் கூட்டிவிடுவார். உழைப்பாளிகளுக்கு மலிவாக ஒரு வேளை சூடான சாப்பாடு போடப் பிறந்த கடை. அங்கே சட்டென்று எழுவதுதான் நாகரிகம்.

பிஸ்ட்ரோவும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ஓவெர்ன் மலைநாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி பாரிஸ் வந்தவர்கள் தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஓரத்திலேயே வைனும் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கடைகள் பல பின்னால் காபேயாகவும் பிஸ்ட்ரோவாகவும் வளர்ந்தன. புருஷன் முன்னால் ஊற்றுவார், மனைவி பின்னால் சமைப்பார். இன்று பல கடைகளின் பின்கட்டில் நிற்பவர்கள் வேறு ஊர்க்காரர்கள்: மாலி, வங்கதேசம், 1983க்குப் பிறகு யாழ்ப்பாணம்.

அப்படி ஒரு குசினியில் கோப்பை கழுவுகிற அண்ணை ஒருவரைப் பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் பழக்கம். பிஸ்ட்ரோவில் உட்கார்ந்திருக்கும் சுகத்தை அவரிடம் நான் அளந்துகொண்டிருந்தபோது, கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, நீங்கள் ஒரு கோப்பியை வச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பியள். அந்தக் கோப்பை உள்ளுக்கு வந்தாத்தான் நான் மெஷினை நிப்பாட்டலாம். கடைசி மெத்ரோ போனால் நடைதான்."

வார நாட்களில் இரவு ஒன்றேகால் வாக்கில் மெத்ரோ ஓய்ந்துவிடும். என் நிதானத்தில் எவ்வளவு என்னுடையது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். "காசு கொடுத்தாயிற்று, அவருக்குச் சம்பளம் உண்டு, வேலை நேரத்துக்குச் சட்டம் உண்டு" என்கிறார் ஒரு நண்பர். சட்டம் உண்டுதான். கடைசிக் கோப்பைக்காகக் காத்திருந்த இருபது நிமிடம் எந்தச் சம்பளச் சீட்டில் ஏறும்? அதற்காகப் போகாமலே இருப்பதும், போய்விட்டுக் குற்ற உணர்ச்சியோடு மெல்லுவதும் அண்ணைக்கு ஒரு சல்லிக்கும் உதவாது. அவர் பிழைப்பே நாம் வந்து உட்காருவதில் இருக்கிறது. எழுந்திருக்கும் நேரத்தைக் கடை நம்மிடம் விட்டுவிடுகிறது. உள்ளே நிற்பவரையும் கணக்கில் சேர்த்து அதைத் தீர்மானிப்பது சாப்பிடுகிறவர் வேலை என்று படுகிறது.

அதனால் இப்போதெல்லாம் முன்னிரவிலேயே போய்விடுகிறேன், ஏழு மணிக்குக் கடை திறந்ததும். அந்த நேரத்தில் பாரிஸ்காரர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. சுற்றுலாப் பயணி என்று நினைத்துக்கொள்ளட்டும். உட்காருகிற நேரமும் குறையவில்லை. இதைப் பெருமையாக அண்ணையிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏழு மணிக்கு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பம் தம்பி. ஒரு அரை மணித்தியாலம் பிந்தி வாங்கோ."