கடமையும் கருணையும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த தமிழ் இளைஞர்கள் சிலர், சட்டக் கல்வி முடித்ததும் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் அலுவலகங்களில் அமர்ந்து நிறுவனங்களின் கடன் ஒப்பந்தங்களை வரைகின்றனர். கட்சிக்காரருக்குச் சட்டம் அளிக்கும் அனைத்தையும் உடனே பெற்றுத் தருவதுதான் அவர்களது கடமையா?

1891-இல் பாரிஸ்டரான காந்தியடிகள், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிலேயே பேச நா எழாமல் அமர்ந்துவிட்டார். 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது அவருக்குக் கிடைத்தது, உறவினர்களான தாதா அப்துல்லா, தயப் சேட் ஆகிய இரு வணிகர்களின் பண வழக்கு. கணக்குப்பதிவு நூல் ஒன்றை வாங்கிப் பயின்று, கணக்கேடுகளை ஆராய்ந்தார். தாதா அப்துல்லாவின் பக்கமே நியாயம் என்பது தெளிவாயிற்று. எனினும், வழக்கு நீண்டால் இருவருமே அழிவர் என்றுணர்ந்து, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இசைவித்தார். தாதா அப்துல்லா வென்றார். அவருக்குச் சேர வேண்டியது 37,000 பவுனும் வழக்குச் செலவும். அதை ஒரே முறையில் கேட்டால் தயப் சேட் திவாலாவது உறுதி. நெடுங்காலத் தவணைகளுக்குத் தாதா அப்துல்லாவை இணங்க வைப்பதே காந்தியடிகளுக்குப் பெரும்பாடாயிற்று.

‘வங்கியின் பணம் மக்களின் சேமிப்பு அல்லவா? அதில் இரக்கம் காட்டலாமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் காந்தியடிகள் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. கால அவகாசத்தை மட்டுமே கேட்டார். உரிமையைக் காப்பது கடமை. எதிரியை அழிப்பது அக்கடமையில் அடங்காது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியையும் எழுதும்போது, அதனால் வேலையிழக்கக்கூடிய தொழிலாளியையும் நினைப்பவரே கற்றதன் பயனைப் பெற்றவர்.