இன்ஷா அல்லாஹ்வும் மாஷா அல்லாஹ்வும்

ஓசையில் இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற இரு வாசகங்கள் எமது நாவில் நாள்தோறும் புழங்குகின்றன. இரண்டிலும் உள்ள வினை ஒன்றே: ‘ஷாஅ’, அதாவது ‘நாடினான்’. வேறுபாடு அதற்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லில் இருக்கிறது. ‘இன்’ நிபந்தனையைக் குறிக்கும். ‘மா’ என்பது ‘எதுவோ அது’. எனவே முன்னது ‘அல்லாஹ் நாடினால்’, பின்னது ‘அல்லாஹ் நாடியது’. ஒன்று இனி நடக்கவிருப்பதற்கு. மற்றது நடந்து கண்முன் நிற்பதற்கு.

வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் ஸூரா அல்கஹ்ஃபில் இரண்டுமே வருகின்றன. நாளை ஒன்றைச் செய்வேன் என்பவன் இறைநாட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கின்றன 23, 24ஆம் வசனங்கள். 39ஆம் வசனத்தில், தோட்டத்தால் செருக்குற்ற ஒருவனை, அதனுள் நுழைகையில் மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கக் கூடாதா எனத் தோழன் கேட்கிறான்.

எமது வழக்கமோ வேறு. சனிக்கிழமை பாடசாலைச் சிரமதானத்துக்கு வருவீர்களா என்று ஒரு தந்தையிடம் கேட்டால், “இன்ஷா அல்லாஹ், பாப்பம் சேர்” என்பார். வரமாட்டார் என்பது இருவருக்குமே தெரியும். இல்லையென்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அல்லாஹ்வின் பெயர் திரையாகிறது.

இன்ஷா அல்லாஹ் சேர்த்துச் செய்த சத்தியம் முறிந்தால் பரிகாரம் இல்லை என்பது ஃபிக்ஹ் சட்டம். ஆனால், மனதில் இல்லாததை வாயால் சொல்வதற்கு அது அனுமதி ஆகாது. அதே ஸூராவின் 69ஆம் வசனத்தில் நபி மூஸா (அலை) அவர்கள் இன்ஷா அல்லாஹ் கூறியே பொறுமைக்கு வாக்களிக்கிறார்கள். பின்னர் அவர்களால் பொறுத்திருக்க முடியவில்லை. எனினும் சொன்னபோது உறுதி முழுமையாக இருந்தது. நாட்டம் அல்லாஹ்வுடையது, எண்ணம் எம்முடையது. எண்ணமே இல்லாதவன் எதற்கு நிபந்தனை வைக்கிறான்?

மாஷா அல்லாஹ்வை நாம் பெரும்பாலும் பிறர் பிள்ளையையோ வீட்டையோ கண்டால், கண்ணூறுக்குக் காப்பாகச் சொல்கிறோம். வசனம் பேசுவதோ அவரவர் சொந்தத் தோட்டத்தைப் பற்றி. மாத்தளையில் மிளகும் கராம்பும் நன்றாகக் காய்த்த வருடத்தில், “நான் பசளை போட்டேன், நான் பாடுபட்டேன்” என்கிறோம். மழை பொய்த்த வருடத்தில்தான் அல்லாஹ்வின் நாட்டம் ஞாபகம் வருகிறது.

ஆக, செய்ய மனமில்லாததை அவன்மீது சுமத்துகிறோம்; அவன் தந்ததை எமதாக்கிக் கொள்கிறோம். இரு வாசகங்களின் பொருளையும் மாணவருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். பெரியவர்களுக்குத்தான் பயிற்சி தேவை. வர இயலாதவர், “வர வசதிப்படாது சேர்” என்று நேராகவே சொல்லட்டும். இன்ஷா அல்லாஹ் சொன்னவர் மண்வெட்டியோடு வரட்டும்.