பிரசவ வேதனை ஹவ்வா அம்மையார் மீதுள்ள குற்றமா?

பிரசவ வேதனையில் ஒரு பெண் துடித்துக் கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் மூத்த பெண்கள், “என்னம்மா செய்வது? ஆதித் தாய் அந்தக் கனியைத் தின்றதற்கு நாமெல்லாம் அனுபவிக்கிறோம்” என்று சொல்லித் தேற்றுவது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய ஒன்று. எழுமலையிலும் சுற்றுப்புறத்திலும் நன்னிமார்கள் இதை மார்க்கம் சொன்ன சேதி என்றே நம்பிச் சொல்கிறார்கள். அவர்களுடைய எண்ணத்தில் குறையில்லை. வலியில் இருப்பவளுக்குத் துணையாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லப்படும் வார்த்தை எங்கிருந்து வந்தது, அது அல்லாஹ்வின் வார்த்தைதானா என்று விசாரித்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. அவன் சொல்லாத ஒன்றை அவன் பெயரால் சொல்வது லேசான காரியமல்ல.

இந்தச் செய்தி பனூ இஸ்ராயீல்களின் ஹிப்ரூ வேதத்தில், உலக சிருஷ்டியைக் கூறும் முதல் ஆகமத்தில் இருக்கிறது. கிறிஸ்தவ சகோதரர்கள் அதை ஆதியாகமம் என்றும், தொடக்க நூல் என்றும் தமிழில் வழங்குகிறார்கள். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1719ல் மரணமடையும்போது அதிலிருந்து ரூத் ஆகமம் வரையில் தமிழாக்கி வைத்திருந்தார். ஆயினும் நம் வீடுகளுக்கு இக்கதை அந்த வாசல் வழியாக வரவில்லை. அரபு நாட்டிலிருந்து, நம்முடைய கிதாபுகள் வழியாகவே வந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஆதியாகமத்தைத் திறந்து படிப்பவர்கள் அங்கே சிருஷ்டியைப் பற்றி ஒன்றல்ல, இரண்டு வரலாறுகள் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். முதலாவது, ஆறு நாட்களில் வானம் பூமி படைக்கப்பட்ட வரலாறு. முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரியனும் சந்திரனும், ஆறாம் நாள் மிருகங்களும் மனிதனும் என்று வரிசையாக வருகிறது. இதில் ஆணும் பெண்ணும் ஒரே சொல்லில், ஒரே நேரத்தில், ஒரே கண்ணியத்துடன் படைக்கப்படுகிறார்கள். முன்பின் இல்லை. அக்காலத்தில் பாபிலோனியர் சூரிய சந்திரர்களைத் தெய்வமென்று வணங்கிக் கொண்டிருக்க, இந்த வரலாறு அவற்றை வெறும் விளக்குகள் என்று சொல்லிவிடுகிறது. இது தவ்ஹீதின் வாடை வீசும் இடம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்திருந்தான் என்று முடிவதை மட்டும், நம்மை எந்தக் களைப்பும் தீண்டவில்லை என்ற கருத்தில் திருக்குர்ஆன் (50:38) திருத்திவிடுகிறது.

இரண்டாவது வரலாறு இரண்டாம் அத்தியாயத்தின் நான்காம் வசனத்தில் தொடங்குகிறது. இங்கே முறை வேறு. முதலில் மண்ணிலிருந்து மனிதன்; பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் அவனுடைய விலாவிலிருந்து பெண். ஹிப்ரூவில் மண்ணுக்கு அதாமா என்று பெயர். ஆதம் என்ற பெயருக்கும் அச்சொல்லுக்கும் உறவு காட்டப்படுகிறது. இதைத் தொடர்ந்தே பாம்பு வருகிறது. பாம்பு பெண்ணிடம் பேசுகிறது, அவள் உண்கிறாள், கணவனுக்கும் கொடுக்கிறாள். விசாரணை வந்தபோது அவனோ, நீ எனக்குத் தந்த இந்தப் பெண்தான் கொடுத்தாள் என்று கைகாட்டி விடுகிறான். (இந்த வழக்கம் ஆண்களிடம் இன்னும் போகவில்லை.) தீர்ப்பில் பெண்ணுக்குப் பிரசவ வேதனை அதிகமாக்கப்படுகிறது, கணவன் அவளை ஆளுவான் என்றும் சொல்லப்படுகிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தத் தீர்ப்பில் சபிக்கப்பட்டது என்ற சொல் பாம்புக்கும் நிலத்துக்குமே வருகிறது, பெண்ணுக்கு வரவில்லை. ஆணுக்கும் தண்டனை உண்டு. முள்ளும் குருக்குமாக முளைக்கும் நிலத்தில் அவன் நெற்றி வியர்வை சிந்திப் பிழைக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்து விவசாயி கிணற்றுக்குப் பம்பு செட்டு வைக்கும்போதோ, டிராக்டர் கொண்டு உழும்போதோ, “ஆதத்தின் தண்டனையைத் தடுக்கிறாயே” என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணின் வலிக்கு மட்டும் அந்தக் கணக்கு இன்றுவரை ஞாபகத்தில் இருக்கிறது. 1847ல் எடின்பரோ நகரத்து டாக்டர் சிம்ப்ஸன் பிரசவத்தில் வலி தெரியாதிருக்க குளோரோபார்ம் கொடுத்தபோது, வேதத்தின் இந்த வாக்கியத்தைக் காட்டி ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். விலாவை எடுக்கும்போது ஆதமுக்கு இறைவன் ஆழ்ந்த நித்திரையைக் கொடுத்தானே என்று அதே ஆகமத்தைக் கொண்டு அவர் பதில் எழுதினார்.

நம்மவர்களிடம் இது வந்த வழி என்ன? யஹூதி, நஸாராக்களின் வேதங்களைக் கற்றறிந்த எமன் நாட்டு வஹ்பு இப்னு முனப்பிஹ் போன்றவர்கள் சொன்ன செய்திகளை, ஹிஜ்ரி 310ல் வபாத்தான இமாம் தபரீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் அறிவிப்பாளர் தொடருடன் பதிவு செய்து வைத்தார்கள். இப்லீஸைச் சுமந்து சென்ற பாம்புக்கு ஒட்டகம் போல் நான்கு கால்கள் இருந்தன என்பதெல்லாம் அங்கே உள்ளவைதான். அவர்கள் பதிவு செய்தார்களே தவிர எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கவில்லை. பின்னால் வந்த நபிமார் கிஸ்ஸாக்களில் தொடர் உதிர்ந்து போயிற்று. கதை மட்டும் நின்றது. அதில் மயிலும் சேர்ந்து கொண்டது. திருக்குர்ஆனில் இவ்விடத்தில் பாம்பும் இல்லை, மயிலும் இல்லை.

இதற்காக ஹிப்ரூ வேதத்திலுள்ள அனைத்தையும் மறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஹவ்வா என்ற பெயரே திருக்குர்ஆனில் வரவில்லை. ஹதீஸில் வருகிறது, ஹிப்ரூ வேதத்திலும் உயிருள்ளோர் அனைவருக்கும் தாய் என்ற பொருள் விளக்கத்துடன் வருகிறது. வேதக்காரர்கள் தவ்ராத்தை ஹிப்ரூவில் ஓதி முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கிய சமயத்தில், அவர்களை உண்மைப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) இஸ்ராயீலிய்யாத் செய்திகளை மூன்று வகையாக்கினார்கள். நம்மிடமுள்ளது மெய்யென்று சாட்சி சொல்பவை, பொய்யென்று சாட்சி சொல்பவை, எதுவும் சொல்லாமல் விட்டவை. மௌனம் மூன்றாவதற்கே உரியது.

பிரசவ வேதனையைத் தண்டனை என்பது மூன்றாவதா? அல்லவென்றே நாம் கருதுகிறோம். ஷைத்தான் இருவரையும் வழுகச் செய்தான் என்கிறது திருக்குர்ஆன் (2:36). இருவருமே தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக் கொண்டதாகக் கூறி மன்னிப்புக் கேட்டார்கள் (7:23). தனியாக ஒருவரைப் பெயர் சொல்லும் இடத்தில் அது ஆதம் (அலை) அவர்களைத்தான் சொல்கிறது (20:120, 121). பிறகு தவ்பா ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட தவ்பாவுக்குப் பின்னும் கோடானுகோடி பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை அனுபவிக்கிறார்கள் என்றால், ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற வசனம் (6:164) எங்கே போகும்?

“ஹவ்வா இல்லையென்றால் எந்தப் பெண்ணும் கணவனுக்கு மோசம் செய்திருக்க மாட்டாள் என்ற கருத்தில் புகாரியிலேயே ஹதீஸ் உள்ளதே” என்று ஆலிம்கள் கேட்கலாம். உள்ளது. ஆனால் அதில் பிரசவ வேதனையும் இல்லை, தண்டனையும் இல்லை. அதற்கு விளக்கம் எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்), மனைவியரிடம் தவறு நேர்ந்தால் ஆண்கள் அளவு மீறிப் பழிக்காதிருக்க இதில் ஆறுதல் உண்டு என்றார்கள். விலா எலும்பைக் குறிக்கும் ஹதீஸும் பெண்களிடம் நல்லவிதமாக நடந்து கொள்ளுங்கள் என்ற உபதேசத்தோடுதான் வருகிறது. அந்த உபதேசத்தை விட்டுவிட்டு எலும்பின் கோணலை மட்டும் மேடையில் பேசுவோர் ஹதீஸில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

தாயின் கர்ப்ப வேதனையைத் திருக்குர்ஆனும் பேசத்தான் செய்கிறது (31:14, 46:15). பிள்ளைகளிடம் அவளுக்குக் கடன் உண்டு என்று காட்டவே பேசுகிறது. பிரசவத்தில் இறப்பவளை ஷஹீதுகளில் ஒருத்தியாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியது முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. குற்றவாளியின் தண்டனை நிறைவேறும் இடத்தில் ஷஹீத் பதவி எப்படிக் கிடைக்கும்?

நாம் வாழும் வட்டாரத்தில் இது வெறும் கிதாபு விவகாரமல்ல. பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பற்றி 1986ல் இந்தியா டுடே பத்திரிகை எழுதியபோது, உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. 1992ல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் மதுரை மாவட்டத்துக்கும் நீட்டித்தது. அந்தக் கொடுமைக்கு வரதட்சணையும் வறுமையும் காரணமாயினவே தவிர, இந்தக் கிஸ்ஸா அல்ல. ஆயினும் பெண் குழந்தை பிறந்தது கேட்டு அத்தாமார் முகம் சுருங்குவது (16:58) நம் வீடுகளில் அறவே இல்லையென்று சொல்ல முடியுமா? அப்படி முகம் சுருங்கும் வீட்டில், பெற்றவளின் வலியும் குற்றத்தின் கூலி என்று சொல்லப்பட்டால், அக்குழந்தை எந்தக் கணக்கில் வந்து சேரும்?

பாம்பையும் மயிலையும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். இது இஸ்ராயீல் மக்கள் சொன்ன கதை என்று சொல்லிவிட்டு நன்னிமார்கள் தாராளமாகச் சொல்லட்டும். பிரசவ அறையில் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. மர்யம் (அலை) அவர்கள் வலி தாங்காமல் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அழுததை ஸூரா மர்யம் கூறுகிறது (19:23). அடுத்த வசனங்களில் அவர்களுக்குக் கவலைப்படாதே என்று சொல்லப்படுகிறது. காலடியில் ஓடும் தண்ணீர் காட்டப்படுகிறது. மரத்தை உலுக்கிப் பழத்தை உண்ணுமாறு கூறப்படுகிறது.