சேணம் யார் முதுகில்?

ஆடித் திங்களில், அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்றிருந்தோம். சாமியைக் காண அல்ல, குதிரைகளைக் காண! தொரப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, ஓசூரில் ஒன்று, தருமபுரியில் ஒன்று, மேட்டூரில் ஒன்று எனப் பேருந்து மாறி, அந்தியூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது.

சந்தைத் திடலில் ஓரிடத்தில் மட்டும் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அங்கே பொலிகுதிரைகளைக் காட்சிக்குக் கட்டியிருந்தார்கள். விற்பதற்கு அல்ல, வித்துக்காக. பெட்டைக்குதிரை வைத்திருப்போர் வந்து பார்த்து, பிடித்திருந்தால் இணைசேர்க்கக் கூலி பேசிச் செல்வர். வெண்ணிற மார்வாரிக் குதிரையொன்று, உள்நோக்கி வளைந்த காதுகளின் நுனி ஒன்றையொன்று தொட, கழுத்தை வில்லாக வளைத்து, குளம்பால் மண்ணைக் கீறி நின்றது. அதன் அழகை மறுப்பவன் பகுத்தறிவாளன் அல்லன், பார்வையற்றவன்!

உரிமையாளர் அதன் வம்சத்தை விளக்கினார். தந்தை இன்னது, தாய் இன்னது, தந்தைக்குத் தந்தை இராசத்தானத்தில் இன்ன இலாயத்தில் பிறந்தது என அடுக்கினார். பிறகு சுழி காட்டினார். நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் வீட்டுக்குச் செல்வம்; கழுத்தில் அந்தச் சுழி இருந்தால் உடையவனுக்குக் கேடு! கூட்டம் தலையாட்டியது. அப்போது நம் அருகில் நின்ற பெரியவர் ஒருவர், வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல், நம்மைப் பார்த்துச் சொன்னார்:

"பார்த்தீர்களா தம்பி, குதிரைக்கே குலம் பார்க்க வேண்டியிருக்கிறது. மனுசனுக்கு வேண்டாம் என்கிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள்!"

அந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். அன்று பள்ளி நாள். பெரியவர் பேச்சு அவன் காதில் விழுந்தது. அவன் நிமிரவில்லை. நாமும் அந்த இடத்தில் உடனே விடை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சுழியை முதலில் முடித்துவிடுவோம். சுழி என்பது மயிர் முளைத்துச் சாயும் திசை. அவ்வளவே! நம் உச்சந்தலையிலும் அது உண்டு. அதைக் கண்டு செல்வம் வராது; போகவும் செய்யாது. சுழி பேசிய அதே உரிமையாளர், தாம் ஒரு குதிரை வாங்கும்போது என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டுகிறார். நடக்கவிட்டு நடையைப் பார்க்கிறார். நாவில் சுழி, கையில் சோதனை! பணம் போகும் இடத்தில் எவரும் பகுத்தறிவாளரே!

வம்சத்துக்கு வருவோம். குணங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதில்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. அது அறிவியலுக்கு மாறானது. இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டிலேயே பந்தயக் குதிரைகளுக்கு வம்சப் பதிவேடு அச்சிட்டார்கள். இன்று உலகில் ஓடும் 'தரோபிரட்' குதிரைகள் அனைத்தும், தந்தை வழியில், கீழை நாடுகளிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட மூன்றே பொலிகுதிரைகளில் போய் முடிகின்றன. இத்தனை கவனமாகக் குலம் காத்தவர்கள் குலத்தை மட்டும் நம்பினார்களா? இல்லை! ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

2006ஆம் ஆண்டு, அமெரிக்காவில், 'கிரீன் மங்கி' என்ற இளங்குதிரை 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் முன்னோர் வரிசையில் வெற்றி வீரர்களே நிறைந்திருந்தனர். அது மொத்தம் மூன்று பந்தயங்களில் ஓடியது. ஒன்றிலும் வெல்லவில்லை! பதிவேடு உயர்ந்தது என்றது. பந்தயத்திடல் இல்லை என்றது. வென்றது திடலின் தீர்ப்பே.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பின்னர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே இறக்குமதியானதையும், அவை விரைவில் மடிந்ததையும் எழுதியிருக்கிறார். உயர்ந்த பொலிகுதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தும், பிறந்த குட்டி கால் கோணி, ஏறத் தகாததாயிற்றாம்! குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்பதும், அதைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பதும் அவர் குறிப்பிலேயே இருக்கின்றன. வித்து உயர்ந்ததுதான், வளர்ப்பு? பிற்காலத்தில், நம் ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பினியார் படைக்குதிரைப் பண்ணை அமைத்தபோது, மேய்ச்சலுக்கு விரிந்த நிலத்தை ஒதுக்கினார்கள். குதிரைக்குப் புல்வெளி வேண்டும் என்று தெரிந்த உலகம், குடிசைப் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்பதை ஏற்க எத்தனை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது!

'தூய இரத்தம்' என்கிறார்களே, அதன் விலையும் கேளுங்கள். அரபுக் குதிரைகளில் ஒரு பரம்பரை நோய் உண்டு. தந்தையும் தாயும் வெளிக்குத் தெரியாமல் அந்தக் குறையைச் சுமந்திருந்தால், இருவரிடமிருந்தும் அதைப் பெறும் குட்டி நோயை எதிர்க்கும் ஆற்றலே இல்லாமல் பிறக்கிறது. சில மாதங்களுக்குள் இறக்கிறது. குறுகிய வட்டத்துக்குள்ளேயே இணைசேர்ப்பதால் இத்தகைய குறைகள் ஒன்றோடொன்று சந்திக்கும் வாய்ப்புப் பெருகுகிறது. குதிரை வளர்ப்போர் இன்று இரத்தச் சோதனை செய்து இதைத் தவிர்க்கிறார்கள். உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்போர் எண்ணிப் பார்க்கட்டும்!

இவையெல்லாம் வாதங்கள். ஆயினும் பெரியவருக்குச் சொல்லவேண்டிய முதன்மையான விடை வேறு. குதிரையின் குலம் யாருக்காக? குதிரைக்காகவா? வேகம் வேண்டும் என்றவன் வேகமான இனத்தை வளர்த்தான். சுமை இழுக்கவேண்டும் என்றவன் சுமைக்குரிய இனத்தை வளர்த்தான். திருவிழாவில் ஆடவேண்டும் என்றவன் ஆட்டம் பழக்கினான். எந்தக் குதிரையும் தன் குலத்தைத் தேர்ந்ததில்லை. குலத்தால் வரும் பயன் முழுதும் ஏறி அமர்பவனுக்கே. குலம் என்ற சொல் வந்தவுடன் சேணம் வந்துவிடுகிறது. சேணம் வந்தவுடன், ஒருவன் மேலே, ஒருவன் கீழே!

ஆகவே, மனிதரிலும் குதிரைபோல் குலம் உண்டு என்பவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஐயா, சேணம் யார் முதுகில்? கடிவாளம் யார் கையில்? மனிதன் பிறரது பயனுக்காக வளர்க்கப்படும் உயிர் அல்லன். அவன் தானே ஒரு நோக்கம். இதை ஏற்றால் குல வாதம் நிற்காது.

நாம் வாழும் தொரப்பள்ளி, 1878இல் இராசகோபாலாச்சாரியார் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1953இல், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குக் கல்வி என்றார்கள். குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சட்டத்திலிருந்து அது போயிற்று. மனத்திலிருந்து போயிற்றா?

பிறரைக் கேட்குமுன் நம்மைக் கேட்டுக்கொள்வோம். நம் வகுப்பில் இரண்டு சிறுவர் ஒரே கணக்கில் ஒரே தவறு செய்தார்கள். ஒருவன் அலுவலர் வீட்டுப் பிள்ளை. "கவனக்குறைவு" என்று சொல்லி, மறுமுறை விளக்கினோம். மற்றவன் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன். "இவனுக்கு இவ்வளவுதான் வரும்" என்று மனத்துக்குள் முடித்துக்கொண்டு, அடுத்த கணக்குக்குப் போனோம். மேடையில் குலமில்லை என்று முழங்கும் நாம், வகுப்பில் சுழி பார்த்திருக்கிறோம்! அந்தியூரில் அந்தச் சிறுவன் நிமிராமல் நின்றபோதுதான் அது நமக்கு உறைத்தது.

இப்போது சூளைத் தொழிலாளியின் மகனை முன்வரிசைக்கு அழைத்து, அதே கணக்கை மறுபடி தொடங்கியிருக்கிறோம். தேறுவானா? ஓடவிடாமல் அதை யார் சொல்லமுடியும்? குதிரைக்குத் தரும் அந்த ஒரு வாய்ப்பை மனிதப் பிள்ளைக்கும் தருவோம். தோழர்களே, உங்கள் தெருவில், உங்கள் பள்ளியில், கடிவாளம் பிடித்து நிற்கும் சிறுவன் எவனும் இருக்கிறானா? அவன் கையில் புத்தகம் சேரும்வரை நம் பேச்சுக்குப் பொருளில்லை!