சீரும் சொல்லும்

சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகத்தில் ‘சுடலை’ என்ற சொல் இரண்டாக உடைகிறது. ‘சுட’ ஒரு சீரின் கடைசியிலும் ‘லை’ அடுத்த சீரின் தொடக்கத்திலும் விழுகின்றன. அதே பாட்டில் ‘செவியன்’ என்பதும் ‘செவி’, ‘யன்’ எனப் பிளக்கிறது. சீருக்காகச் சொல்லைப் பிளப்பதற்கு யாப்பிலக்கணம் தரும் பெயர் வகையுளி. மலேசியாவில் சிரம்பானைச் சுற்றியுள்ள லாபு, ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் கோயிலில் தேவார வகுப்புக்கு வரும் பிள்ளை, சீர் பிரித்து அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து ‘சுட’ என்று நிறுத்தி மூச்சு வாங்கினால், சுடுகாடு மறைந்து எதையோ சுடுவது மட்டும் மிஞ்சும். ரோமன் எழுத்துப் புத்தகமென்றால் தொல்லை இன்னும் கூடும். லகர ளகர ழகரம் ஒன்றாகிவிடக்கூடும்.

இப்படி ஓதினால் பலன் குறையுமா? ஓதுதலின் பயன் ஒலியில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா என்பதே கேள்வி.

வேத மரபு ஒலியின் பக்கம் நின்றது. இந்திரனைப் பழிவாங்க வேள்வி செய்த துவஷ்டா, ‘இந்திரசத்ரு’ வளர வேண்டும் என்று ஓதினான். இந்தத் தொகைச்சொல்லில் எடுத்தல் ஓசை இறுதியில் நின்றால் இந்திரனை அழிப்பவன். முதலில் நின்றால் இந்திரனால் அழிபவன். துவஷ்டா முதலில் எடுத்துவிட்டான். வேள்வியில் பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான். எண்ணம் ஒன்று, ஓசை ஒன்று, ஓசையே பலித்தது. இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்குப் பதஞ்சலி மகாபாஷ்யத்தில் இந்தக் கதையையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்.

தமிழில் அத்தகைய சுரம் இல்லை. ஆனால் சிக்கல் தொல்காப்பியருக்குத் தெரிந்ததுதான். எழுத்து மாறாமலே பொருள் மாறும் புணர்ச்சிகளை ஓசை வேறுபடுத்தும் என்று புணரியலின் முடிவில் சொல்கிறார். உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு ‘செம்பொன்பதின்றொடி’. ‘செம்பொன் பதின்தொடி’ என்றால் பொன் பத்துத் தொடி. ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்றால் செம்பு ஒன்பது தொடி. கடன் வாங்கியவன் எப்படிப் பிரிப்பான் என்பது தெரிந்ததே. இவற்றுக்கு எழுத்து விதி கிடையாது, சொல்பவரின் குறிப்பால்தான் அறிய வேண்டும் என்று அடுத்த நூற்பாவிலேயே கையை விரித்துவிடுகிறார். ஓசையையும் கடந்து கருத்துக்கு இடம்விட்ட முடிவு இது. துவஷ்டாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

சைவமும் முதல் பார்வைக்குப் பொருளின் பக்கமே நிற்கிறது. சிவபுராணத்தின் இறுதியில் மாணிக்கவாசகர் சிவபுரத்தைச் சொல்வது பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவர்களுக்கு. ஆனால் அஞ்செழுத்து இந்தக் கணக்கைக் குழப்புகிறது. ‘சிவாய’ என்பது இலக்கணப்படி ‘சிவனுக்கு’ என்ற ஒரே சொல். சித்தாந்தமோ அதை எழுத்தெழுத்தாகப் பிரித்து, சி சிவம், வா அருள், ய உயிர் என்கிறது. எஞ்சிய ‘நம’வில் ந திரோதம், ம மலம். இங்கே பிளவு பொருளைக் கெடுக்கவில்லை, புதிதாக ஒன்றைத் தருகிறது. ஆகவே பிரிப்பது குற்றமல்ல. எதற்காகப் பிரிக்கிறோம் என்று அறியாமல் பிரிப்பதுதான் குறை. எழுத்தறியாமல் தோட்ட லயத்தில் காதால் கேட்டே பதிகம் பாடிய பாட்டிமாருக்கு இந்தக் குறைகூட இல்லை. அவர்கள் புத்தகத்தின் இடைவெளியைப் பார்த்ததே இல்லை.

பழைய ஓலைச்சுவடியிலும் அந்த இடைவெளி கிடையாது. அச்சில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வாசிப்பு தேவை: முதலில் பதம் பிரித்து உரைநடைபோல, பிறகு சீர் பிரித்துப் பண்ணோடு. இரண்டாவது முறை தாளம் ‘சுட’வோடு முடியலாம், மூச்சு மட்டும் ‘லை’யைத் தாண்டிய பிறகு.