பெயர் அறியாத மரம்

சாரல் தொடங்கியதும் பிள்ளைகளோடு குற்றாலம் போகிறோம். நீராடி, மங்குஸ்தான் வாங்கித் தின்று தென்காசி திரும்புகிறோம். அருவிக்கு மேலே நிற்கும் காட்டை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பெய்த மழையை வேரிலும் சருகு மண்ணிலும் தேக்கிச் சிறிது சிறிதாக இறக்கிவிடுவது அதுவே.

நாவல் இனத்தில் ஓர் அரிய மரம் உண்டு. தாவர நூலார் அதற்கு நம் ஊரின் பெயரையே சேர்த்து ‘சைசீஜியம் கூர்ட்டாலென்சே’ என்று பெயரிட்டனர். அதை அடையாளம் காட்டக்கூடியவர் நம்மில் ஒருவர் உண்டா, சொல்லுங்கள்.

அறியாமல் செய்த தீங்கு குற்றமாகுமா? அறிய வழியே இல்லாதவன்மேல் பழியில்லை. அறியக்கூடியதை அறியாமலே இருந்துவிட்டவன் ‘தெரியாது’ என்று கைகழுவ முடியுமா?

1830-களில் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இங்கே செடிகொடிகளைச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் அவருக்காகப் படம் தீட்டினர். வரைபவன் இலையின் நரம்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அப்படி எண்ணியவனுக்கு அதை விறகென்று சொல்ல மனம் வருமா?

பெற்றோரே, ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. அடுத்த சாரலில் பிள்ளையின் கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்து அங்கே கூட்டிச் செல்லுங்கள். வழியில் மங்குஸ்தான் விற்கும் அம்மாளிடமும் அதன் மரத்தைப்பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.