தோர்ணக்கல் திருச்சபையின் சீஷத்துவம்

பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொண்டு ஓர் உறுதிமொழி சொல்லச் செய்வார். தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன் என்பதும், நற்செய்தியை அறிவிக்காமல் இருந்தால் தனக்குக் கேடு என்பதும் அதன் சாரம். பின்பாதி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தைத் தழுவியது. பவுல் அப்போஸ்தலர், சாஸ்திரம் கற்றவர், தம் ஊழியத்தைப் பற்றி அப்படிச் சொன்னார். அசரியா அதே சொல்லை எழுத்தறியாத பண்ணையாளின் வாயில் வைத்தார். தோர்ணக்கல் திருச்சபை எதைச் சீஷத்துவம் என்று நம்பியதோ அது முழுவதும் இந்தச் செயலுக்குள் இருக்கிறது என்பேன். அதை ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியாவைச் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு மிஷனெரிகளை வெளியே அனுப்பிவந்ததைக் கண்டார். திருநெல்வேலியில் சபை தோன்றி நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. கோயில்களும் பள்ளிகளும் நிறைந்திருந்தன. ஆனாலும் தன் எல்லையைத் தாண்டி எவருக்கும் கொடுக்கும் சபையாக அது இன்னும் ஆகவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில், அசரியாவின் முன்முயற்சியில், இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்கும் என்று தீர்மானித்தார்கள். நிஜாம் ஆட்சியின் வாரங்கல் பகுதித் தெலுங்குக் கிராமங்களைக் களமாக எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களை அனுப்பிய அசரியா, 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்புவோடும் பிள்ளைகளோடும் தாமே அந்தப் பகுதியிலுள்ள தோர்ணக்கலுக்குக் குடிபோனார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றபோது அவருக்கு வயது 38.

தோர்ணக்கலில் சபையை நாடி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர். நிலமில்லாதவர்கள், தோல் வேலை, பண்ணை வேலை, ஊருக்கு வெளியே குடியிருப்பு. தனித்தனியாக வரவில்லை, குடும்பம் குடும்பமாக, சில சமயம் குடியிருப்பு முழுவதுமாக வந்தார்கள். 1940களின் தொடக்கத்தில் அவருடைய தோர்ணக்கல் திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். கூட்டமாக வருகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பது எளிது, சீஷர்களாக்குவது அப்படியல்ல. மத்தேயு நற்செய்தியின் கடைசி வசனங்களில் இயேசு தரும் கட்டளையைக் கவனித்தால், ஞானஸ்நானத்துக்குப் பிறகும் கற்பிக்கும் வேலை தொடர்கிறது. அதுவும் வெறுமனே அறிவதற்குக் கற்பிப்பதல்ல, கைக்கொள்வதற்குக் கற்பிப்பது.

கற்பித்தது மிகக் கொஞ்சம்: அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், இரண்டு திருவருட்சாதனங்கள். ஆங்கிலிக்கன் ஞானோபதேசத்தின் பழைய சட்டகம்தான் இது. படிக்கத் தெரியாதவர்களுக்கு உபதேசியார் சொல்லச் சொல்ல, வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் மனப்பாடமாக ஏறியது. மனப்பாடம் என்றதும் நமக்கு இளக்காரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வாக்கியங்கள் போய் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

வானத்தையும் பூமியையும் படைத்த பிதா ஒருவரே என்பது பிரமாணத்தின் முதல் அறிக்கை. காலராவும் அம்மையும் கிராம தேவதையின் கோபம் என்று நடுங்கிய ஊரில், அந்தத் தேவதையின் திருவிழாவுக்குப் பறையடிப்பது மாதிகாவின் பிறவிக் கடமை. படைத்தவர் ஒருவரே என்று வாயால் சொன்னவன் அடுத்த திருவிழாவுக்குப் பறையைத் தூக்குவானா? தெலுங்கு நாட்டின் பல ஊர்களில் கிறிஸ்தவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் முதல் மோதல் இங்கேதான் வெடித்தது. ஓய்வுநாளை ஆசரிக்கும் கட்டளையும் இப்படித்தான். ஞாயிறன்று வயலுக்கு வரமாட்டேன் என்று ஒரு பண்ணையாள் நிலக்காரரிடம் சொல்வது அந்த நாளில் சின்ன விஷயமில்லை.

இரண்டாம் பகுதி கிறிஸ்துவைப் பற்றியது. கன்னியிடம் பிறந்தார், பாடுபட்டார், சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று போகும் அறிக்கையின் நடுவே பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் வருகிறது. புராண காலத்தில் அல்ல, ஒரு தேசாதிபதியின் ஆட்சியில், ஒரு தீர்ப்பின் கீழ் இது நடந்தது என்று சபை சாட்சி சொல்கிறது. கச்சேரிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அஞ்சி வாழ்ந்தவனுக்கு, கடவுளின் குமாரனே அதிகாரத்தின் கையில் அடிபட்டார் என்ற செய்தி எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! மூன்றாம் பகுதியில் பாவமன்னிப்பும் சரீரம் உயிர்த்தெழுதலும் வருகின்றன. ஆத்துமா மட்டும் தேறும் என்று பிரமாணம் சொல்லவில்லை. எந்த உடலைத் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கியதோ அந்த உடலையே கடவுள் எழுப்புவார் என்கிறது. பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்ற அறிக்கைக்குத் திருவிருந்தில் சோதனை: மாலாவும் மாதிகாவும் ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும். இந்தச் சோதனையில் சபை முழுவதும் தேறியது என்று சொல்ல முடியாது. இரு சமூகங்களுக்கும் இடையிலான பிளவு சபைக்குள்ளும் தொடர்ந்தது. கிண்ணம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

கைக்கொள்வதின் அடுத்த அடுக்கு காணிக்கை. அசரியா மிகப் பிடிவாதமாக நின்றது இதில்தான். சமைக்கும்போது ஒரு பிடி தானியத்தைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் திருநெல்வேலிச் சபைகளுக்கு நன்றாகத் தெரியும். தோர்ணக்கல் கிராமங்களும் தானியமாக, கோழியாக, முட்டையாகக் கொண்டுவந்தன. பரம ஏழைகளிடம் வாங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூலியும் பிச்சையும் வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தைக் கொடுக்கிறவர்களாக நிமிர்த்துவது, அவர்களை இரக்கத்தோடு நிரந்தரமாக வாங்குகிறவர்களாக வைத்திருப்பதைவிடப் பெரிய மரியாதை. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் மேலைநாட்டு மிஷனெரிகளிடம் உதவியைத் தாண்டி நட்பைக் கேட்டதும் இதே மனநிலைதான். கிறிஸ்தவர் கொடுப்பதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர் மறைந்த பிறகும் வாசிக்கப்பட்டது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் அவர் பேய்கள் என்றே அழைத்தார். அவற்றை ஓட்டுவதைச் சமூகசேவை என்று தனியாகப் பிரிக்காமல் சீஷத்துவத்துக்குள்ளேயே வைத்தார். கிராமத்துக்கு அனுப்பும் உபதேசியாரோடு அவர் மனைவியும் பயிற்சி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டின் காரணமும் அதுதான். வீடு மாறாமல் ஊர் மாறாது.

அடிப்படை நம்பிக்கையை இவ்வளவு சுருக்கமாக வைத்திருந்ததால், மற்றச் சபைகளோடு ஒன்றுசேரும் பேச்சும் சாத்தியமாயிற்று. 1919 மே மாதம் தரங்கம்பாடியில், மிஷனெரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே ஊரில், ஆங்கிலிக்கன் குருமாரும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையாரும் கூடினார்கள். முன்னின்று நடத்தியவர்களில் அசரியா முக்கியமானவர். தங்களைப் பிரிக்கும் சுவர்கள் தாங்கள் கட்டியவை அல்ல என்று அறிக்கையில் சொன்னார்கள். ஒன்றுபட ஆங்கிலிக்கன் பேராயர்களின் 1888ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டின் நான்கு அம்சங்களை அடிப்படையாக வைத்தார்கள்: வேதாகமம், அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வழிவழிவரும் பேராயர் பணி. நான்காவதுதான் நீண்டகால இழுபறிக்குக் காரணமாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அசரியா உயிரோடு இல்லை; 1945 ஜனவரி முதல் நாள் அவர் காலமாகியிருந்தார்.

ஏழைகள் விசுவாசத்தைப் புரிந்துதான் ஏற்றார்களா என்ற கேள்வி அவர் காலத்திலேயே பலமாக எழுந்தது. 1936இல் அமெரிக்க மிஷனெரி இயக்கத் தலைவர் ஜான் மாட்டுடன் உரையாடிய காந்தி, தாழ்த்தப்பட்டவர்களுக்கு மதங்களை எடைபோடும் பக்குவம் இல்லை என்ற பொருளில் பேசினார். காந்தியின் கவலை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் நான் அசரியாவின் பக்கம். பறையைக் கீழே வைத்தவனும், ஞாயிற்றுக்கிழமைக் கூலியை இழந்தவனும், தன் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தவளும் எடைபோட்டுப் பார்க்காமல் அதைச் செய்யவில்லை.

அந்த முடிவின் எடை இன்னும் குறையவில்லை. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை முதலில் ஏறக்குறைய இந்துக்களை மட்டுமே பட்டியலில் சேர்த்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் வெளியே நிற்கிறார்கள். தோர்ணக்கல் கிராமங்களில் அன்று ஞானஸ்நானம் பெற்ற மாலா, மாதிகாக்களின் பேரப்பிள்ளைகள் தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிந்துகொண்டால், தாத்தாவைப் போலவே சேரியில் பிறந்திருந்தாலும், பட்டியல் சாதிச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் ‘சி’ பிரிவில் ஒரு சதவீத ஒதுக்கீடுதான்.